கோட்டு போட்ட கானா

1973இல் வெளிவந்த நியூயார்க் டால்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையில் ஆண்கள் உதட்டுச் சாயமும் பெண் ஒப்பனையுமாக அமர்ந்திருந்தார்கள். ராக் இசை கொண்டாடிவந்த ஆண்மையை, பாட்டு தொடங்கும் முன்பே அந்த வேடம் கேலி செய்துவிட்டது. தமிழில் அதே துணிச்சல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிடம் உண்டு. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. பறையும் கிட்டாரும் டிரம்ஸும் கூடி முழங்க, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைக் கோட்டு சூட்டில் வந்து பாடினார்கள். அம்பேத்கரின் கோட்டு யாரை உறுத்தியதோ அவர்களை இந்தக் கோட்டும் உறுத்தும். இங்கே உடையும் வாதத்தின் ஒரு பகுதிதான்.

மாட்டுக்கறி, இட ஒதுக்கீடு என்று நாசூக்கானவர்கள் பேசத் தயங்குவதை நக்கலோடு பாடும்போது இவர்களுக்கு இணையில்லை. ஆனால் நக்கல் விலகி முழக்கம் மட்டுமே மிஞ்சும் பாடல்களும் உண்டு. அங்கே கானாப் பாடகரின் வளைந்து நெளியும் குரல் கூட்டுக் குரலில் கரைந்துவிடுகிறது. காலங்காலமாக வாயடைக்கப்பட்டவர்கள் உரக்கச் சொல்வதே முதல் தேவை, நயம் பிறகு என்பார்கள். மேடைக்கு அது பொருந்தும். திரும்பத் திரும்பக் கேட்கும் பதிவில் முழக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடும், சிரிப்பு தேயாது. துக்கத்துக்கு நடுவிலும் குறும்பை விடாத கானாவுக்கு இது தெரியாததல்ல.

'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடலுக்கு வந்த எதிர்ப்பு வேறு வகை: பக்தியைப் புண்படுத்துகிறதாம். அந்தப் பாட்டு இடிப்பது கடவுளை அல்ல, பெண்ணை வாசலில் நிறுத்தும் கட்டுப்பாட்டை. தவிர, கேலி நம் கோயில்களுக்குப் புதிதா என்ன? திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டக் கோயில் கொடைகளில் கரகாட்டமும் நையாண்டி மேளமும் அம்மன் சந்நிதி முன்பேதான் பச்சையான நக்கலை வளர்த்தன. அந்தத் தெற்கத்தி நையாண்டியை இக்குழு போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் பெரிய குறை. வடசென்னையின் நாக்கே மேலோங்கி நிற்கிறது. ஆனால் அந்தத் தெற்கத்தி நையாண்டிக்கும் குறை உண்டு: கரகாட்டக் களத்தில் ஆடும் பெண்ணே பெரும்பாலும் கேலிக்கு இலக்காகிறாள். ஊரின் சாதி அடுக்கைத் தொட அந்த நக்கல் அஞ்சுகிறது. தொடக்கக் குழுவின் ஒரே பெண் குரலான இசைவாணி பாடும்போதோ கேலி பெண்ணின் வாய்க்கு வந்துவிடுகிறது. 19 பேரில் ஒருத்தி என்பது போதாது. அந்தக் குரலோடு நாகசுரமும் தவிலும் பம்பையும் சேரும் ஆல்பம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.