மனப்பாடமும் வழித்துணையும்: ஃப்ரீமேசன் சங்கங்களில் புதியவரைப் பயிற்றும் முறை

இடைக்காலக் கற்தச்சர்களின் தொழிற்கூட்ட மரபுகளைத் தழுவி வளர்ந்து, 1717-இல் லண்டனில் தன் முதல் பேரவையை அமைத்துக்கொண்டதாகப் போற்றப்படும் ஃப்ரீமேசன் இயக்கத்தில், புதிதாகச் சேர்பவர் பயிலுநர், தொழில்தோழர், தலைமைத் தச்சர் என்னும் மூன்று படிகளைச் சடங்குகளின் வழியே கடக்கிறார். இச்சடங்குகள் பெரும்பாலும் உருவகங்களால் ஆனவை. கட்டடக் கருவிகளை ஒழுக்க நெறிகளின் குறிகளாகக் காட்டுபவை. ஆகவே சடங்கைக் கண்டு முடித்தவர்க்கு அதன் உட்பொருளையும் லாட்ஜ் எனப்படும் கிளைச் சங்கத்தின் நடைமுறைகளையும் விளக்க மூத்தவர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் நிலைத்தது.

இவ்வழக்கத்தின் வேரைத் தேடுவோர் ஸ்காட்லாந்துக்குச் செல்ல வேண்டும். ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டடப் பணித் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598-இல் பிறப்பித்த விதிகள், புதிதாக ஏற்கப்படும் ஒவ்வொரு தொழில்தோழரின் பெயரையும் பதிவேட்டில் எழுதும்போது, அவருக்கெனத் தேர்ந்த ‘இன்டெண்டர்’ எனப்படும் பயிற்றுநர்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதப் பணித்தன. தனி இசைவின்றி எந்தத் தலைமைத் தச்சரும் தம் வாழ்நாளில் மூன்று பயிலுநருக்கு மேல் ஏற்கலாகாது என்றும் அவை வரம்பிட்டன. தொழிற்போட்டியைக் குறைக்கும் நோக்கம் அதில் இருந்தது என்பது வெளிப்படை. எனினும் ஒருவர் சிலருக்கு மட்டுமே பொறுப்பேற்கும் நிலையும் அதனால் உருவாயிற்று. அடுத்த ஆண்டின் விதிகளோ பயிலுநரையும் தொழில்தோழரையும் நினைவாற்றல் கலையில் சோதிக்கவும், தவறியவரிடம் தண்டம் வாங்கவும் கட்டளையிட்டன. கற்பிப்பதும் சோதிப்பதும் அருகருகே நின்ற இந்த ஏற்பாட்டிலேயே பிற்காலச் சிக்கலின் விதையும் கிடந்தது.

வழிகாட்டியின் பயன் எதில் மிகுதியாகத் தெரிகிறது என்றால், சங்கத்தின் அமைப்பே புதியவரை ஒதுக்கிவைக்கும் இடங்களில்தான். லாட்ஜ் உயர்படியில் திறக்கப்படும்போது அப்படியை அடையாதவர் வெளியேற வேண்டும். அந்நேரத்தில் அவருடன் வெளியே வந்து அமர்ந்து பேசும் மூத்தவர், சற்று முன் உள்ளே நடந்ததில் அவருக்கு விளங்காதவற்றையும், விருந்து மேசையில் யார் எப்போது எழுந்து வாழ்த்துக் கூற வேண்டும் என்பது போன்ற சிறு நெறிகளையும் ஒருசேரச் சொல்லித் தருகிறார். அச்சிட்ட கையேடு சடங்கின் பொருளை ஓரளவு விளக்கக்கூடும். அறிமுகமற்றோர் கூட்டத்தில் தனித்து நிற்பவரின் கூச்சத்தை அது போக்காது.

முறையின் குறைகள் நுட்பமானவை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அடுத்த படிக்குச் செல்லுமுன் நீண்ட வினாவிடைத் தொகுப்பை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மரபு உண்டு. அங்கு வழிகாட்டி எளிதில் ஒப்புவிப்புப் பயிற்சியாளராகச் சுருங்கிவிடுகிறார். லண்டனில் 1823-இல் நிறுவப்பட்ட எமுலேஷன் பயிற்சி லாட்ஜ், பிழையின்றிச் சடங்கு நடத்துவோர்க்கு வெள்ளித் தீப்பெட்டி வழங்கிச் சிறப்பிக்கிறது. சொற்பிழையின்மை பாராட்டத்தக்க ஒழுக்கமே. ஆனால் பிழைகளை எண்ணிவிடலாம், புரிதலை எண்ண முடியாது என்பதால், பரிசு செல்லும் திசையிலேயே பயிற்சியும் செல்கிறது. மற்றொரு குறை, உருவகங்களுக்கு அறுதியான பொருள் இல்லாமையால் வழிகாட்டியின் சொந்த விருப்பு இயக்கத்தின் கொள்கையாகவே புதியவரிடம் சேர்ந்துவிடுவது. உறுப்பினராக முன்மொழிந்தவரே வழிகாட்டியாகவும் அமையும்போது இது கடுமையாகிறது. நண்பரிடம் ஐயம் எழுப்புவது நன்றிகேடாகத் தோன்றும்.

இங்கிலாந்துப் பேரவை வழிகாட்டி என்பதை லாட்ஜின் அலுவலர் பதவிகளுள் ஒன்றாகச் சேர்த்து, அவர் ஒவ்வொரு புதியவர்க்கும் தனித்துணைவரை அமர்த்தி மேற்பார்வை செய்யும் திட்டத்தை வகுத்துள்ளது. சிந்தித்துச் செய்த சீர்திருத்தம் இது. ஆயினும் பதவிக்கு ஆள் நிரப்புவதே முதன்மையானால், துணைவரைத் தேடும் உழைப்பு தாள்களில் முடங்கும். மேலும் இம்முறையிடம் பெரிதும் எதிர்பார்ப்பதும் பொருந்தாது: அமெரிக்காவில் 1959-இல் நாற்பது லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் தொகை இன்று பத்து லட்சத்திற்கும் கீழே இறங்கியதற்குச் சமூகக் கூடல்கள் பலவும் தேய்ந்த பொதுப்போக்கே பெருங்காரணம், நல்ல வழிகாட்டியால் அதைத் திருப்பிவிட முடியாது. சேர்ந்தவர் விளங்காமையால் விலகுவதை மட்டுமே அவரால் தடுக்க இயலும். அதற்கும், தேர்ச்சியை மதிப்பிடுபவர் வேறு, துணையிருப்பவர் வேறு என்று லாட்ஜுகள் பிரித்துவைக்க வேண்டும். ஏனெனில் தம்மைச் சோதிக்கப்போகிறவரிடம் தம் அறியாமையை எவரும் மனமுவந்து காட்டுவதில்லை.