பூட்டுள்ள பேனாக்கத்தி

என்னிடம் ஒப்பினெல் எட்டாம் நம்பர் மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுத் தயாரிப்பு, மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. ஆப்பிள் நறுக்குவேன், முகாம் போனால் கயிறு அறுப்பேன், அவ்வளவுதான். சும்மா அதைப் பையில் போட்டுக்கொண்டு லண்டன் கடைத்தெருவுக்குப் போனால் குற்றம். அதே லண்டனில் என் மகன் தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறான். அவன் திரும்பி வரும்வரை மனசு அடிச்சுக்கும். ஆகவே இந்த விஷயத்தில் நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, கூர்முனையோ அலகோ உள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்திக்கு விலக்கு உண்டு. மற்றதுக்கெல்லாம் 'தகுந்த காரணம்' காட்டணும். தொழில், சமயம், மரபு உடை ஆகியவற்றைச் சட்டமே ஏற்கிறது. சீக்கியரின் கிர்பான் அப்படித்தான் தப்பிக்கிறது. காரணத்தை நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு. அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

இதுல ஒரு வேடிக்கை. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 'மடக்குக் கத்தி' ஆகாது என்று 1990களின் தொடக்கத்தில் ஹாரிஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பூட்டு எதுக்கு? அலகு திடீர்னு மடங்கி விரலை வெட்டாமல் இருக்கத்தான். ஒப்பினெல்லில் 1955லேயே அதற்காக ஒரு வளையம் வந்துவிட்டது. ஆக, கைக்குப் பாதுகாப்பான கத்தி சட்டத்துக்கு ஆகாது.

ஆனாலும் 139 மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. 'இப்ப, இங்க, எதுக்கு?' என்று அது கேட்கிறது. தச்சரும் சமையல்காரரும் பதில் சொல்லிவிடுவார்கள். 'தற்காப்புக்கு' என்ற பதிலைப் பொதுவாக ஏற்பதில்லை, அதுவும் சரியே. பள்ளிப் பையன்கள் பையில் கத்தியைக் கொண்டு சேர்ப்பது அந்தப் பதில்தான்.

என் கோபமெல்லாம் உருவத்தைப் பார்த்துப் போடும் தடைகள் மேல். 2016இல் 'ஸோம்பி' கத்திகளைத் தடை செய்தார்கள். வன்முறையைத் தூண்டும் எழுத்தோ படமோ இருந்தால்தான் அது ஸோம்பி கத்தி என்றார்கள். விற்பவர்கள் எழுத்தை எடுத்துவிட்டு அதே அலகை விற்றார்கள். 2024 செப்டம்பரில் மறுபடி தடை. இந்த முறை 8 அங்குல நீளம், பற்கள், துளைகள் என்று கணக்கு. அடுத்த வடிவம் வர எத்தனை நாள் ஆகும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கத்திக் கொலைகளில், வகை தெரிந்தவற்றில், அதிகம் அகப்படுவது சமையலறைக் கத்தி. 2005இலேயே அவசர சிகிச்சை மருத்துவர்கள் மூவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்: நீண்ட கத்திக்குக் கூர்முனை சமையலில் தேவையில்லை, விற்பதை நிறுத்துங்கள் என்று. அன்று பலரும் சிரித்தார்கள். எனக்கு அது ஸோம்பி பட்டியலைவிட அறிவுள்ள யோசனையாகப் படுகிறது.

அதே 2005இல் கிளாஸ்கோ போலீஸ், வன்முறையை ஒரு நோய் மாதிரி அணுகும் தனிப்பிரிவைத் தொடங்கியது. பையன்களுக்கு வேலை, வழிகாட்டி, ஆஸ்பத்திரியிலேயே பேச ஆள். கெடுபிடியும் சேர்ந்தே இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் நன்றாகவே குறைந்தன. எது எவ்வளவு உதவியது என்று வாதாடலாம். ஆனால் அங்கே பார்த்தது பையனை, கத்தியின் பல்லை அல்ல.

கத்தி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும்: 'எங்கள் உரிமை' என்று மட்டும் பேசினால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காதில் ஏறாது. தெளிவான சட்டம் கேட்போம். பூட்டு விதியைத் திருத்தச் சொல்வோம். என் ஒப்பினெல் அதுவரை இழுப்பறையில் கிடக்கட்டும். பக்கத்திலேயே, யாரும் கேள்வி கேட்காத 8 அங்குலக் காய்கறிக் கத்தியும் கிடக்கிறது.