விலங்குகளின் வழக்கும் தென்பெண்ணையின் நுரையும்

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்து, தம் பெயர்களை மறைத்துக்கொண்டு 52 ரிஸாலாக்களை எழுதி வைத்த 'இக்வானுஸ் ஸஃபா' குழுவினரை அரபு கற்றோர் அறிவர். அவற்றுள் 22-ஆவது ரிஸாலா விலங்குகளைப் பற்றியது. அதிலுள்ள வழக்குக் கதையை 1810-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலி உருதுவில் ஆக்கினார். அக்குழுவினரின் கொள்கைகளுள் நாம் ஏற்க இயலாதவை பல உண்டு. அது வேறு விவாதம். இங்கே நாம் எடுத்துக்கொண்டது அக்கதையின் வாதத்தை மட்டுமே.

கதை சிறிது. ஜின்களின் வேந்தன் பீவராஸ்ப் ஆளும் தீவொன்றில் கப்பலோடு ஒதுங்கிய மனிதர்கள், அங்குள்ள விலங்குகளைப் பிடித்து வேலை வாங்கத் தலைப்படுகின்றனர். விலங்குகள் வேந்தனிடம் முறையிடுகின்றன. "இவை எம் அடிமைகள்" என்பது மனிதர் கட்சி. "எந்த உரிமையால்?" என்பது விலங்குகளின் வினா. வேட்டை விலங்குகளுக்காகக் கலீலா எனும் நரி வருகிறது. பறப்பனவும் ஊர்வனவும் தத்தம் தூதரை அனுப்புகின்றன. நீர்வாழ் உயிர்களுக்காகத் தவளை வருகிறது. மனிதர் பக்கத்தில் பேசுவோருள் சரந்தீபிலிருந்து வந்த ஒருவரும் உண்டு என்பதை நம் பக்கத்து வாசகர்கள் புன்முறுவலோடு படிப்பார்கள்.

இந்நூலின் உயர்ந்த இடம் எது என்று நம்மைக் கேட்டால், கழுதையும் எருதும் தாம் பட்ட அடிகளைச் சொல்லி அழுமிடத்தை நாம் காட்டமாட்டோம். பிணந்தின்னும் உயிர்களைப் பற்றிய பகுதியையே காட்டுவோம். இறந்த உடல்களைத் தின்ன உயிர்கள் இல்லையெனில் அவை குவிந்து அழுகி, காற்று கெட்டு, கொள்ளைநோய் பரவும். ஆதலின் அவ்வுயிர்களைப் படைத்ததிலும் இறைவனின் ஹிக்மத் உண்டு என்கிறது அவ்விடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய இச்சொல்லுக்கு நம் நாடே உரை எழுதியது. 1990-களில் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழிந்தன. மாடுகளின் நோவுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் எனும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இக்காரணம் 2004-இல் தெளிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் கழுகு உண்ட இடத்தில் தெருநாய்கள் பெருகிவிட்டன. நாய்க்கடி பெருகினால் எந்நோய் பெருகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்துணை வலிய ஆதாரத்தைக் கையில் வைத்திருந்தும் நூலாசிரியர்கள் அதை விலங்குகளின் மூல வழக்காக்கவில்லை. இதுவே நாம் காணும் குறை. ஒவ்வொரு தூதரும் தத்தம் இனத்தின் பெருமையைச் சொல்லி அமர்கின்றார். "என்னை நீக்கினால் நீயும் விழுவாய்" என்று மனிதனை நோக்கி உரைத்திருக்க வேண்டிய வாதம், ஹிக்மத்தை விளக்கும் துணைச் செய்தியாய் நின்றுவிட்டது. அதனால்தான் தீர்ப்பும் சப்பென்றிருக்கிறது. மறுமையும் நபிமார்களும் அவ்லியாக்களும் மனித இனத்துக்கு உண்டு என்றதும் வழக்கு மனிதர் பக்கம் முடிகிறது. அவ்லியாக்களின் தகுதியைக் காட்டி, நீரைக் கெடுத்தவனும் வெற்றிபெற்று வீடு திரும்புகிறான்!

தவளையிடமே வருவோம். தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடுவது. ஆகவே நீரில் கலந்த நஞ்சு அதனை முந்திச் சேரும். வயலில் பூச்சியைத் தின்பதும் அதுவே. தவளைக் கால்களை அந்நிய நாடுகளுக்கு விற்றுவந்த இந்தியா 1987-இல் அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. தவளை குறைந்தால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் மருந்துச் செலவு பெருகும் என்ற கணக்கும் அத்தடைக்குப் பின்னால் இருந்தது.

நாம் வாழும் பாகலூர் கருநாடக எல்லையை ஒட்டிய ஊர். நந்திமலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் புறத்தைக் கடந்து, நம் ஊர்ப்பக்கமாகவே தமிழகத்துள் நுழைந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இறங்கும் மாநகரின் கழிவும் இவ்வாற்றிலேயே சேர்கிறது. 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியதை நாடே பார்த்தது. தண்ணீர் எரிந்ததென்று பிள்ளைகளிடம் சொன்னால் கியாமத்தின் அடையாளமா என்று கேட்கின்றனர்.

நீர்வரத்து மிகுந்து அணையின் மதகு திறக்கும் நாட்களில் வெண்ணுரை மலைபோல் எழுந்து தரைப்பாலத்தையும் மூடுகிறது. சலவைச் சோப்பின் எச்சம் நுரையாகிறது. சாக்கடையின் உரச்சத்து ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. அது நீர்ப்பரப்பை மூடி, மடிந்து அழுகும்போது, நீரிலுள்ள பிராணவாயு செலவழிகிறது. மீன் மூச்சடைத்து மிதக்கிறது. மாசினைத் தாங்கும் ஜிலேபி மீன் எஞ்சலாம். கெண்டையும் அயிரையும் எஞ்சா. அவற்றை நம்பிய மீன்கொத்தி வேறு நீர் தேடும். கொசுவோ அழுக்கு நீரிலும் பெருகும். அதைத் தின்னத் தவளையும் இராது. இந்நிகழ்ச்சியில் யாரும் எந்த விலங்கையும் சாட்டையால் அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பீவராஸ்பின் சபையில் இதற்கு வழக்கிட ஒரு பிரிவே இல்லை.

இவ்விடத்தில்தான் நம் உமறுப் புலவர் நினைவுக்கு வருகிறார். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைக் குறை கூறியோர் பலர். பாலை நிலமான அரபு நாட்டில் முகிலும் வெள்ளமும் வயலும் எங்ஙனம் வந்தன, இது வெறும் காவிய மரபு என்பர். மரபே, மறுப்பார் இல்லை. ஆயினும் அம்மரபு எதை விடாமல் சொல்கிறது? கடல்நீர் முகிலாகி, மலையில் பொழிந்து, ஆறாகி நிலந்தோறும் இறங்குவதைத் தொடர் அறாமல் சொல்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த பாட்டுக்கு இடமில்லை. இக்வான்கள் துணைச் செய்தியாக்கியதைத் தமிழ்ப் புலவர் காப்பியத்தின் வாயிலிலேயே வைத்தார். விலாதத்துக் காண்டத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வருகைக்கு முன்னர் நாடும் நீரும் வந்து நிற்கின்றன.

நம் சபைகளிலோ மானுக்குப் பிணை நின்ற படலத்தை உருகி உருகிப் படிக்கிறோம். நாட்டுப் படலத்தை வருணனை என்று தாண்டிவிடுகிறோம். மானின் கண்ணீர் நமக்கு விளங்குகிறது. ஆறு விளங்குவதில்லை. இரக்கத்தைக் கற்பித்த அளவுக்குத் தொடர்பைக் கற்பிக்கவில்லை என்ற குற்றத்தில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று நாட்டுப் படலத்துக்குப் பொருள் சொல்ல முயன்றோம். நாற்றம் தாளாமல் பாதியில் திரும்பினோம். இவ்வாண்டு ரபீவுல் அவ்வலில் சீறா வாசிப்பு மான் படலத்தில் தொடங்காது, முகிலிலிருந்தே தொடங்கும். இடம் மட்டும் பள்ளிவாசல் முற்றமாக இருக்கும்.