பாட்டைப் பிரித்துக் கொடுத்தால் டிஜேக்கு லாபமா?

ஒரு டிஜேயின் ஆட்டத்தை எடைபோட வேண்டுமானால், ஒரு பாட்டு இறங்கி அடுத்தது ஏறும் அந்த அரை நிமிடத்தைக் கவனித்தால் போதும். இரண்டு பாட்டின் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்பீக்கரில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். இரண்டு குரல்கள் மோதினால் எதுவும் காதில் நிற்காது. வருகிற பாட்டின் பேஸை ஈக்யூ குமிழில் குறைத்து ஏற்றி, தாளம் சரியாகச் சுற்றி வரும் இடத்தில் பழையதை மூடிப் புதியதைத் திறப்பது இந்தத் தொழிலின் பால பாடம். பெர்லினைச் சேர்ந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2015-ல் ‘ஸ்டெம்ஸ்’ என்ற கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தபோது குறிவைத்ததும் இதே அரை நிமிடத்தைத்தான். ஒரே எம்பி4 கோப்புக்குள் முழுப் பாட்டு ஒன்று. கூடவே டிரம்ஸ், பேஸ், மெட்டு, குரல் என்று தனித்தனியாக நான்கு ஸ்டீரியோ தடங்கள். ஸ்டெம்ஸ் தெரியாத பிளேயரில் போட்டால் முழுப் பாட்டு மட்டும் ஒலிக்கும். அந்த நிறுவனத்தின் டிஜே மென்பொருளான டிராக்டரில் போட்டால் நான்கு தடங்களும் தனித்தனிக் குமிழுக்குக் கட்டுப்படும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இந்த வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தார்கள். காகிதத்தில் குறை சொல்ல இடமே இல்லை.

“ஈக்யூ இருக்கும்போது இது எதற்கு?” என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஈக்யூ வெட்டுவது அலைவரிசையை; வாத்தியத்தை அல்ல. கிக் டிரம்மும் பேஸும் ஒரே அடித்தளத்தில் குடியிருப்பவை. லோ குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே போகும், கிக்கை விட்டுவிட்டு பேஸை மட்டும் இறக்க முடியாது. குரலும் ஸ்னேரும் கித்தாரும் நடுப்பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே வாத்தியத்தைத் தனியே பிடிக்கும் ஆசை டிஜேக்களுக்குப் புதிதல்ல. ஜமைக்காவில் கிங் டப்பி 1970-களிலேயே பல தடப் பதிவில் குரலை மூடித் திறந்து டப் இசைக்கு உருவம் கொடுத்தார். 12 அங்குல இசைத்தட்டுகளில் பாட்டோடு வாத்தியப் பதிப்பும் வெறுங்குரல் பதிப்பும் வந்ததும், அவற்றை டிஜேக்கள் தேடித் தேடி வாங்கியதும் அதே ஆசையால்தான். தேவை நிஜமானது. அப்படியிருந்தும் இந்த வடிவம் ஏன் கிளப்களில் வேர்விடவில்லை?

காரணம் ஒலித் தரமல்ல, பையில் உள்ள பாட்டுகளின் விகிதம். டிஜேயின் கைப்பழக்கம் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக இருந்தால்தான் மேடையில் கைகொடுக்கும். நூறு பாட்டில் ஐந்துக்கு மட்டும் குரலைத் தனியே மூட முடியும் என்றால், எது அந்த ஐந்து என்று நினைவில் தேடுவதற்குள் அந்த அரை நிமிடம் போய்விடும். பீட்போர்ட், ஜூனோ போன்ற இணையக் கடைகள் ஸ்டெம்ஸை விற்கத்தான் செய்தன. ஆனால் அந்தக் கோப்பை உருவாக்கும் பாரம் தயாரிப்பாளர் தலையில் விழுந்தது. முழுப் பாட்டுக்கு மாஸ்டரிங் செய்யும்போது கம்ப்ரசரும் லிமிட்டரும் எல்லாச் சத்தத்துக்கும் சேர்த்து வேலை செய்கின்றன. தடங்களைப் பிரித்தால் அந்தக் கணக்கு குலைகிறது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இதற்கும் ஒரு வழி செய்தது: கம்ப்ரசர், லிமிட்டர் அமைப்புகளைக் கோப்புக்குள்ளேயே பதித்து, இசைக்கும் நேரத்தில் அவை இயங்கும்படி வைத்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டாவது முறை உட்கார்ந்து உழைக்க வேண்டும், பழைய பாட்டுகளுக்கு அதற்கும் வழியில்லை. போதாக்குறைக்கு, கிளப் மேடைகளை ஆண்டுகொண்டிருந்த பயனியர் கதவைத் திறக்கவில்லை. 2016 தொடக்கத்தில் வந்த சிடிஜே-2000 என்எக்ஸ்எஸ்2 கருவியில் ஃபிளாக், அலாக் கோப்புகளுக்கு இடம் கிடைத்தது. ஸ்டெம்ஸ் கட்டுப்பாட்டுக்குக் கிடைக்கவில்லை. யுஎஸ்பி மட்டும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போகிறவருக்கு அத்தோடு கதை முடிந்தது.

பிறகு ஆட்டம் வேறு திசையில் திரும்பியது. 2019-ல் டீசர் நிறுவனம் ஸ்ப்லீட்டர் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. எந்தப் பாட்டையும் குரல், டிரம்ஸ், பேஸ், மீதி என்று கணினியே பிரித்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அல்காரிதிமின் டிஜே செயலி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே வேலையைச் செய்தது. 2022 இறுதியில் செராட்டோ என்ற டிஜே மென்பொருளும் வந்து சேர்ந்தது. 2024-ல் டிராக்டர் ப்ரோ 4 வெளியானபோது, நான்கு தடங்களைத் தயாரிப்பாளரிடமிருந்து எதிர்பார்த்த அதே நிறுவனம், கணினிப் பிரிப்பைத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கணினி பிரிப்பது அசல் அல்ல. பிசைந்த சோற்றிலிருந்து பருப்பைப் பொறுக்குகிற கதை அது. ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். குரலின் வால்பகுதியில் ஹை-ஹேட் கசியும், டிரம்ஸின் தாக்கம் மழுங்கும், ரிவெர்ப் எந்தத் தடத்துக்குப் போவதென்று தெரியாமல் தத்தளிக்கும். பெரிய அரங்கின் ஸ்பீக்கரில், பிரித்த குரலை ஒரு நிமிடம் தனியே விட்டால் சாதாரணக் காதுக்கே பிடிபடும். எல்லாம் உண்மை. ஆனால் டிஜே அதைத் தனியே விடுவது அபூர்வம். பெரும்பாலும் அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டின் டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், கசிவு அதில் மறைந்துவிடும். எட்டு விநாடி தாங்கினால் போதும் என்ற இடத்தில் எட்டு விநாடி தாங்குகிறது. மறுபக்கம், திருமண வரவேற்பில் வாசிக்கும் சென்னை டிஜே ஒருவரால் 80-களின் திரைப்பாட்டு ஒன்றின் குரலை எடுத்து இன்றைய தாளத்தின்மேல் வைக்க முடிகிறது. நடன இசைக் கடைகளை நம்பிய வடிவத்தால் அந்தப் பாட்டை எட்டியிருக்கவே முடியாது.

கைகள் இரண்டுதானே என்பவர்களின் வாதத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு டெக், எட்டுத் தடம் என்று ஆனதும் எதையாவது திருகிக்கொண்டே இருக்கத் தோன்றும். கூட்டம் ஆடுவது பாட்டுத் தேர்வுக்காக, குமிழ் திருகலுக்காக அல்ல. நல்ல டிஜே இந்த வசதியை ஒரு செட்டில் நாலைந்து இடத்துக்குமேல் தொடமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஸ்டெம்ஸ் வடிவம் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். தன் சொந்தப் பாட்டுகளையே மேடையில் வாசிக்கிற தயாரிப்பாளருக்கு அது இன்றைக்கும் முதல் தேர்வு: அசல் தடங்கள் அவர் கையில் இருக்கின்றன, பையும் அவருடைய பாட்டுகளாலேயே நிறைந்திருக்கிறது, கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்தவர் பாட்டுகளை வாங்கி வாசிக்கும் மற்ற டிஜேக்கள் இந்த வடிவத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் இன்னும் பத்துப் பாட்டு வாங்கலாம்.