கால் எதன் கால்? மேலைச் சுர அளவுப் பெயர்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

மேலையிசையில் சுரத்தின் நீட்சியைக் காட்டும் வடிவங்கள் எங்கும் ஒன்றே. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் இருவகை. பிரித்தானிய வழக்கு செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர், செமிகுவேவர் என்கிறது. அமெரிக்க வழக்கு அவற்றையே முழு, அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பொருள்படும் பின்னப் பெயர்களால் சுட்டுகிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளின் வழி முதல் வழக்குத் தமிழக மாணவரிடையே அறிமுகமாயிற்று. இசைக்குறியீட்டு மென்பொருள்களின் வழி இரண்டாவது வழக்கு வந்து சேர்கிறது. தமிழில் பாடநூல் எழுதுவோர் எதனைத் தழுவுவது என்னும் வினாவை இரு ஆங்கிலங்களுக்கு இடையிலான தேர்வாக மட்டும் கொள்வது போதாது. அளவையில் எது 'ஒன்று' எனக் கொள்ளப்படுகிறது என்பதே அடிப்படை வினா.

பிரித்தானியப் பெயர்கள் வரலாற்றின் எச்சங்கள். 'பிரீவ்' குறுகியது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதில் பாதியான செமிபிரீவ் இன்று பொதுவழக்கிலுள்ள மிக நீண்ட சுரம். மிகச் சிறியது என்னும் பொருளுடைய மினிம் அதற்கு அடுத்த நீளமுடையது. கொக்கி எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த கிராட்செட்டின் இன்றைய வடிவில் கொக்கியே இல்லை. பிரெஞ்சு மொழியில் 'குரோஷ்' என்பது குவேவரையே குறிக்கும். இப்பெயர்களை ஒலிபெயர்த்துத் தரும் தமிழ்நூல், பொருள் விளங்காச் சொற்களை மனப்பாடத்திற்கு விடுகிறது.

அமெரிக்கப் பெயர்கள் ஜெர்மானியப் பின்னப் பெயர்களின் மொழிபெயர்ப்பாய் அமைந்தவை. இம்முறைக்குத் தமிழ் வியக்கத்தக்க அளவில் இடந்தருகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம் என ஒவ்வொன்றும் முன்னதன் பாதியாக இறங்கும் வரிசை தமிழ்க் கீழ்வாய் எண்களிலேயே உள்ளது. புள்ளியிட்ட சுரங்களுக்கும் இவ்வரிசை உதவும். புள்ளியிட்ட மினிம் முக்கால். புள்ளியிட்ட குவேவர் மும்மாகாணி. எனினும் பெயர் எளிதாகப் பொருந்துவதாலேயே அளவை பொருந்திவிட்டதாகக் கொள்ளவியலாது.

இச்சிக்கலின் வரலாற்றுப் பின்னணி வடதமிழகத்தில் தெளிவாகக் காணக்கிடைக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் முதற்கீர்த்தனை பிறந்த இடமாக மரபு கூறும் திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அவர் குடும்பத்தைப் புரந்த முதலியார்களின் மணலி, இன்று எண்ணூர், கும்மிடிப்பூண்டியோடு சேர்த்து எண்ணப்படும் வடசென்னைத் தொழிற்பகுதி. அப்புரவலர்களின் தொடர்பால் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய வாத்திய இசையைக் கேட்ட தீட்சிதர், அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார் என்பது மரபு. 'நோட்டுசுவரம்' என்னும் பெயரிலேயே ஆங்கிலச் சொல் நிலைபெற்றுவிட்டது. ஆனால், மெட்டும் 'நோட்டு' என்னும் சொல்லும் வந்தனவேயன்றி, மேலை நீட்சிப் பெயர்கள் வரவில்லை. அவை தாளமும் அட்சரமும் கொண்டே பயிலப்பட்டன. 1890களில் ஏ. எம். சின்னசாமி முதலியார் தென்னிசையை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பித்தபோதும் நூலின் மொழி ஆங்கிலமாதலால், தமிழ்ப்பெயருக்கான தேவை எழவில்லை.

தமிழின் அளவைமுறை வேறு திசையில் செல்வது. தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வகுக்கிறது. நன்னூல் மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை தருகிறது. இங்கு 'ஒன்று' என்பது சிறிய அலகு. நெடில் அதன் மடங்கு. கருநாடக இசைக்குறியீட்டிலும் 'ஸ' ஓர் அட்சரம், 'ஸா' இரண்டு. மேற்கோடு ஒன்று அளவைப் பாதியாக்கும். தாள அங்கங்களும் அனுதுருதம் 1, துருதம் 2, சதுசிர லகு 4 என அலகைப் பெருக்கியே வளர்கின்றன. மேலை முறையிலோ 'முழு' என்பது மேலிருந்து பகுக்கப்படும் பேரளவு. அதுவும் எல்லாத் தாளத்திற்கும் முழுமையன்று. மூன்று கால் சுரங்கள் கொண்ட வட்டத்தில் 'முழு' அடங்காது. ஆறு அரைக்கால் கொண்ட வட்டத்தில் தட்டு ஒன்று காலும் அரைக்காலும் சேர்ந்த அளவு.

இவ்விரு அளவைகளும் மோதும் இடம் 'கால்' என்னும் சொல். நான்கு தட்டு வட்டத்தில் கிராட்செட் ஒரு தட்டு நிற்பது. தாளப் பயிற்சியுள்ள தமிழ் மாணவர்க்கோ, 'அரை இடம்', 'முக்கால் இடம்' என்னும் எடுப்பு வழக்குகளால், பின்னம் என்பது தாள எண்ணிக்கையின் பின்னமாகவே பழகியிருக்கும். 'கால்' என்று மட்டும் எழுதினால் அவர் அதனைத் தட்டின் காற்பங்காகக் கொள்ள வாய்ப்புண்டு. அப்போது ஒரு தட்டு நிற்கவேண்டிய சுரம் மாகாணிச் சுரமாகிவிடும். விளைவு நான்கு மடங்கு வேகம். இது சொல்நயம் பற்றிய குறையன்று. இசைப்பிலேயே வெளிப்படும் பிழை.

எனவே பின்னப் பெயர்களை ஏற்பதே தக்கது. ஆனால், அவை தனித்து நிற்றல் கூடாது. வடிவத்தைச் சுட்டுமிடத்து, மரபில் முன்னரே இடம்பெற்ற சொல்லோடு இணைத்து, 'கால்நோட்டு', 'அரைக்கால்நோட்டு' என வழங்கலாம். நீட்சியைச் சுட்டுமிடத்துத் தட்டு அல்லது அட்சரம் என்னும் சொல்லாலேயே கூறவேண்டும். 'இவ்வட்டத்தில் கால்நோட்டு ஒரு தட்டு' என்னும் தொடரில் பெயரும் அளவும் பிரிந்து நிற்கின்றன. தாளம் மாறும்போது பின்னதே மாறும். தேர்வெழுதுவோர்க்குப் பிரித்தானியப் பெயரை முதல் வருகையில் தமிழ் எழுத்தில் உடன்தருதல் போதும். கலைச்சொல்லாக்கத்தில் சொல்லுக்குச் சொல் தேடுவதற்கு முன், இரு மரபுகளின் அலகுகளையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது என்பதை இச்சிறு சொல் உணர்த்துகிறது.