பெயர் பொது, தொழில் யாருக்கு?

ஒரே பெயர் தாங்கிய பெரியோர்களை ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டுவதிலே நம் ஏடுகளுக்குத் தனியோர் இன்பம். விஞ்ஞானி ஒருவர், விளையாட்டு வீரர் ஒருவர், இசைவாணர் ஒருவர், நடிகர் ஒருவர். நால்வர்க்கும் பெயர் ஒன்று! என்னே பொருத்தம் என்று வியந்து, ஆளுக்கு நான்கு வரி தீட்டி, படமொன்றும் சேர்த்துப் பக்கத்தை நிரப்பிவிடுவர். படிப்போரும் "அடடா!" என்று கூறிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவர். பொழுதுபோக்கு என்ற அளவிலே குற்றமில்லை. ஆனால், தோழர்களே, அந்த வரிசையைச் சமுதாயத்தின் கணக்கேடாக எண்ணிப் படித்துப் பார்த்ததுண்டா? படித்துப் பார்த்தால் வியப்பு வேறிடத்திலே பிறக்கும்.

எடுத்துக்காட்டுக்குக் கிருஷ்ணன் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். நாட்டிலே தெருவுக்குப் பத்துப் பேர் அந்தப் பெயருக்கு உண்டு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அடையாற்று முகத்துவாரத்தின் தென்கரையிலே, ஊரூர் ஒல்காட் குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. அந்தக் கடற்கரையிலே இந்தப் பெயர் இருமுறை பேசப்பட்டது: 1909ஆம் ஆண்டு ஒருமுறை, 2015ஆம் ஆண்டு மற்றொருமுறை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் வரிசையைப் பார்ப்போம்.

கே. எஸ். கிருஷ்ணன், 1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பிலே பிறந்தவர். சர் சி. வி. இராமனோடு கல்கத்தாவிலே உழைத்து, 1928ஆம் ஆண்டு உலகறிந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பிலே பங்கு கொண்டவர். நோபல் பரிசு இராமனுக்குப் போயிற்று. கிருஷ்ணனின் பெயர் அந்த விளைவின் பெயரிலே ஒட்டவில்லை. ஆயினும் டில்லியிலே தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக வீற்றிருந்தார். அறிவியலைத் தமிழிலே சொல்ல முடியும் என்று எழுதியும் காட்டினார்.

அடுத்தவர் மா. கிருஷ்ணன். காட்டிலே யானையின் காலடியைத் தொடர்ந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரையில், கல்கத்தா ஏடொன்றிலே இடைவிடாது இயற்கை பற்றி எழுதியவர். தமிழ்நாட்டு வேலியோரத்துப் பறவைக்கும் புதருக்கும் அவரைப் போலக் கண் கொடுத்தவர் அரிது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர்.

இராமநாதன் கிருஷ்ணன், டென்னிஸ் வீரர். 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டம் வென்றவர். 1960இலும் 1961இலும் அதே திடலிலே அரையிறுதி வரை சென்றவர். டி. என். கிருஷ்ணனோ பிடில் வித்துவான். திருப்பூணித்துறையிலே பிறந்து, 1980ஆம் ஆண்டு சங்கீத கலாநிதியாகி, 2020இலே மறைந்தவர். இவ்விருவரையும் பற்றி இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை. இவர்களின் புகழைப் பாட ஏடுகள் பல உண்டு.

ஐந்தாமவர் என். எஸ். கிருஷ்ணன். கலைவாணர்! நாகர்கோவில் சுடலைமுத்து மகன் கிருஷ்ணன். நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற சிறுவன், வில்லுப்பாட்டுக் கலைஞனாகி, மேடையேறி, வெள்ளித்திரை கண்டு, சிரிப்பிலே சிந்தனையை வைத்து நாட்டுக்கு ஊட்டியவர்.

ஐவர், ஐந்து துறை. இனி இந்த வரிசையைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

ஒரே பெயருடையோரை வேறுபடுத்திக் காட்ட இந்த நாட்டிலே முன்னர் ஒரு வழி இருந்தது. பெயருக்குப் பின்னே வால் ஒன்று தொங்கும்! எந்த இராமசாமி என்று கேட்டால், அய்யரா, முதலியாரா, ரெட்டியாரா, நாயக்கரா என்று வாலைப் பார்த்து விடை சொல்வர். 1879ஆம் ஆண்டு செப்டம்பரிலே ஈரோட்டில் ஓர் இராமசாமி பிறந்தார். அதே ஆண்டு நவம்பரிலே மற்றோர் இராமசாமி பிறந்தார். இவர் வைதிகக் கோட்டையைத் தகர்க்கப் புறப்பட்டார். அவர், சர் சி. பி., திருவிதாங்கூரின் திவானானார். பெயர் ஒன்று, ஆண்டு ஒன்று, பாதைகளோ வேறு வேறு! 1929ஆம் ஆண்டு பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. "வால் போனால் ஆளைத் தெரிந்துகொள்வது எப்படி?" என்று நையாண்டி செய்தோரும் உண்டு. விடை எளிது: ஊர் உண்டு, தந்தை பெயர் உண்டு, தலைப்பெழுத்து உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அவரவர் செய்த செயல் உண்டு. இன்று தமிழ்நாட்டிலே ஐந்து கிருஷ்ணன்களையும் வாலின்றியே அடையாளம் காண்கிறோம் அல்லவா?

நல்லதுதான். ஆனால் தலைப்பெழுத்தும் சில வேளைகளிலே ஒரு முகமூடி. என். எஸ். என்றால் ஊரும் தந்தையும். திறந்து பார்த்தால் சுடுகாட்டைக் காக்கும் நாட்டார் தெய்வத்தின் பெயர் எட்டிப் பார்க்கும். டி. எம். கிருஷ்ணா என்னும் பாடகரின் தலைப்பெழுத்தைத் திறந்தால் தொடூர் மாடபூசி என்று வைணவப் பரம்பரையின் குடிப்பெயர் வரும். வால் அறுந்தது மெய். அது தொங்கிய இடத்தின் தழும்பு அவ்வளவு விரைவிலே மறைவதில்லை.

அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே வரிசையை மீண்டும் படியுங்கள். விஞ்ஞானி, இயற்கையாளர், ஆட்டக்காரர், பிடில்காரர் ஆகிய நால்வரும் ஒரே வருணத்திலே பிறந்தோர். இதை அவர்கள்மீது குற்றமாகச் சுமத்துவது மடமை. அவர்தம் உழைப்பு மெய், திறமை மெய். ஆனால் வரிசை சொல்லும் செய்தியும் மெய்யே. மா. கிருஷ்ணனின் தந்தை நூலாசிரியர். டென்னிஸ் கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்பித்தவரே தந்தை இராமநாதன். பிடில் கிருஷ்ணனுக்கு வில் பிடிக்கக் கற்பித்தவரும் தந்தையே. வத்திராயிருப்பு சிற்றூர்தான், ஆயினும் கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த வீட்டிலே ஏடு இருந்தது, ஏட்டைப் படிக்கும் தந்தை இருந்தார்.

"பலதுறைப் பெரியோர்" என்கிறோம். ஒருவன் பல துறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டுமானால், முதலில் தந்தையின் துறையிலே கட்டிப் போடப்படாதவனாக இருக்க வேண்டும். அல்லது தந்தையின் துறையே புகழ் தரும் துறையாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வீட்டுக் கிருஷ்ணன் என்ன ஆனான்? உழவன் வீட்டுக் கிருஷ்ணன் ஏர் பிடித்தான். வண்ணான் வீட்டுக் கிருஷ்ணன் துறைக்குப் போனான். அவனுக்குத் 'துறை' என்றால் ஆற்றங்கரை. வரிசையிலே அவர்களுக்கு இடமில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1953ஆம் ஆண்டு, இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள், எஞ்சிய வேளையிலே தந்தையின் தொழில் என்று திட்டம் வகுத்தார். நாடு அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் அவர் விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். ஓராண்டு வாழ்ந்து மடிந்த திட்டம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அது நிலைத்திருந்தால் அடுத்த தலைமுறையின் பெயர் வரிசை எப்படி இருந்திருக்கும்? சவரத் தொழில் கிருஷ்ணன், சலவைத் தொழில் கிருஷ்ணன் என்று, எல்லாத் துறையும் இருக்கும். ஒருவனுக்கும் தேர்வு மட்டும் இருக்காது.

இந்தச் சிக்கலை எவரினும் முன்பே, எவரினும் நன்றாகக் கண்டவர் வரிசையிலிருந்த ஐந்தாமவரே என்பது என் துணிபு. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே கலைவாணர் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தை நினைவிற்கொள்ளுங்கள். பண்ணையாளாகிய நந்தன் தில்லைக்குப் போகத் தவித்தான். தீயிலே மூழ்கித் தூயவனானான் என்று புராணம் கூறிற்று. கலைவாணரின் கிந்தனோ தில்லைக்குத் தவிக்கவில்லை, பள்ளிக்குத் தவித்தான்! இரயிலேறிப் பட்டணம் சென்றான், படித்தான், கல்வி அதிகாரியாகித் தன் ஊருக்கே திரும்பினான். நந்தனுக்குத் தீ தேவைப்பட்டது. கிந்தனுக்கு ஒரு இரயில் சீட்டு போதுமானதாயிற்று. அதே காலட்சேப வடிவம், அதே மெட்டுப் போக்கு, ஆனால் உள்ளே வைத்த சரக்கு வேறு. பக்திக் கதையை ஏளனம் செய்தார் என்று மட்டும் அதைக் கூறுவோர் பாதியைத்தான் கண்டனர். பண்ணையாள் மகன் வேறொரு துறைக்குப் போகலாம் என்பதைப் பாமரர் சிரித்துக்கொண்டே ஏற்கும்படி செய்தாரே, அதுவன்றோ கலை! தியாகராய நகரிலே 1969ஆம் ஆண்டு அவர் சிலையை அறிஞர் அண்ணா நோயுற்ற உடலோடு வந்து திறந்துவைத்தார். வரிசையிலே மற்றவர்க்கு விருதுகள் உண்டு. இவருக்கு அந்த நாள் உண்டு.

இனி, கடற்கரைக்கு வருவோம்.

ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் பெயரே ஒரு வரலாறு. ஊரூர் தமிழ், குப்பம் மீனவர் குடியிருப்பு, நடுவிலே ஓர் அமெரிக்கர்! கர்னல் ஒல்காட், பிளாவட்ஸ்கி அம்மையாரோடு 1875இல் நியூயார்க்கிலே தியாசபிகல் சங்கத்தைத் தொடங்கி, 1882இலே அடையாற்றங்கரைக்கு அதைக் கொண்டுவந்தவர். ஆவி, மகாத்மாக்கள் என்று அவர்கள் பேசிய விந்தைகளைப் பகுத்தறிவாளர் ஏற்க இயலாது. ஆனால் 1894ஆம் ஆண்டு அவர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அந்தப் பள்ளியை ஏற்கத்தான் வேண்டும். ஆவி உலகைவிட அரிச்சுவடி உலகு அவர் பெயரை நன்றாகக் காத்தது.

1909ஆம் ஆண்டு, சங்கத்தைச் சேர்ந்த லெட்பீட்டர் என்னும் ஆங்கிலேயர் அந்தக் கடற்கரையிலே ஒரு சிறுவனைக் கண்டார். சங்கத்திலே பணிபுரிந்த நாராயணய்யாவின் மகன். பெற்றோருக்கு எட்டாவது பிள்ளை. எட்டாவது பிள்ளைக்குக் கண்ணன் பெயரிடும் வழக்கப்படி கிருஷ்ணமூர்த்தி என்று பெயர். சிறுவனைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றார் லெட்பீட்டர். உலகாசான் இவனே என்றனர். அன்னி பெசன்ட் அம்மையார் அவனை வளர்த்து, இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். தேர்வுகளிலே அவன் தோற்றான் என்பது வேறு செய்தி. வியப்பு என்னவென்றால், அவனே வளர்ந்து, 1929ஆம் ஆண்டு, தனக்காகக் கட்டிய அமைப்பைத் தானே கலைத்துவிட்டு, நான் உலகாசான் அல்லேன் என்று வெளியேறினார். செங்கற்பட்டு மாநாடு நடந்த அதே ஆண்டு! அந்த நேர்மைக்கு நம் வணக்கம் உண்டு. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தக் கரை மீனவர் வாழும் கரை. அவர்தம் பிள்ளைகளுக்கும் கண் உண்டு, காது உண்டு, அறிவு உண்டு. ஒளிவட்டம் மட்டும் ஏன் மணலிலே விளையாடிய ஒரு பிள்ளையைச் சுற்றியே தெரிந்தது?

நூறாண்டுக்கு மேல் உருண்டது. 2015ஆம் ஆண்டு, அதே கரைக்கு மற்றொரு கிருஷ்ணன் வந்தார். கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா. அடையாற்றிலே, கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பள்ளியிலே படித்தவர். பெயர் எப்படித் தொடர்கிறது, பாருங்கள்! அவரும் சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமனும் தோழர்களும் குப்பத்து மக்களோடு கூடி ஊரூர் ஒல்காட் குப்ப விழாவை நடத்தினர். பறையாட்டமும் கூத்தும் வில்லுப்பாட்டும் பரதமும் கர்நாடக இசையும் ஒரே மேடையிலே ஏறின. ஆண்டுகள் சில கழிந்து அது சென்னை கலைத் தெரு விழாவாக விரிந்தது. கலைஞரின் உள்ளத்திலே ஐயமில்லை. மார்கழி சபைக் கச்சேரிகளை விட்டு விலகினார். எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் புறம்போக்குப் பாடலைப் பாடினார். பெரியாரைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய பாடலைப் பாடினார். 2024ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது அவருக்கென்று அறிவித்தபோது, பெரியாரைப் போற்றுபவருக்கா என்று சக பாடகர் சிலர் கொதித்தெழுந்தனர். விருது தரும் மியூசிக் அகாடமி நிற்கும் சாலைக்கும் ஒரு கிருஷ்ணமாச்சாரியின் பெயர்தான் என்பதை இடையிலே சொல்லி வைக்கிறேன்.

விழாவைப் பாராட்டுவோம், திறனாய்வும் செய்வோம். மயிலையிலிருந்து மேட்டிமைச் செவி குப்பத்துக்கு வந்து மணலிலே அமர்ந்தது ஒரு புரட்சியே. ஆனால் பயணம் பெரும்பாலும் ஒரு திசையிலேயே நடந்தது. ஆலாபனை ஆற்றைக் கடந்து குப்பத்துக்கு வருவது ஒன்று. குப்பத்துப் பிள்ளை ஆற்றைக் கடந்து சபை மேடையிலே தலைப்பெழுத்தோடு அறிவிக்கப்படுவது மற்றொன்று. இரண்டாவது நடக்கும் நாளில்தான் பெயர் வரிசை மாறும். இதை அந்தப் பாடகரே உணர்ந்திருக்கிறார் என்பதற்கு அவர் எழுதிய நூல் சான்று.

'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்னும் அந்த நூல், மிருதங்கம் செய்வோரைப் பற்றியது. மாட்டுத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரும் வரையில் உடலை வருத்தும் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றியது. பாலக்காடு மணி அய்யரின் பெயரை நாடறியும். அவருடைய மிருதங்கத்துக்கு நாதம் கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிவர்? ஒரே கருவி, இரு தொழில். தோலைத் தட்டியவர் மேதையானார். தோலைத் தைத்தவர் பட்டறையிலேயே நின்றார். மணி அய்யரின் பெயரோடு ஒத்த பெயருடையோரை எல்லாம் தேடி வரிசைப்படுத்தும் ஏடு, அவர் கையிலே இருந்த கருவியைச் செய்தவரின் பெயரை ஒருநாளும் தேடியதில்லை.

2020ஆம் ஆண்டு சனவரியிலே அந்த நூலைக் கலாசேத்திரத்தின் அரங்கிலே வெளியிட இசைவு பெற்றிருந்தனர். தியாசபிகல் சங்கத்து உறவிலே பிறந்து, குப்பத்துக்குத் தெற்கே சிறிது தொலைவிலே நிற்கும் நிறுவனம் அது. நூலின் உள்ளடக்கம் ஏட்டிலே வெளிவந்ததும் கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்றனர். நூல் தரமணியிலே, இதழியல் கல்லூரி ஒன்றிலே வெளியாயிற்று. பர்லாந்தின் பெயர் அதிலே அச்சேறியிருக்கிறது.