லைனும் லயமும்

பதுளையை அடுத்துள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் பெயரிலே, பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘வெளி’ எனத் தமிழ்க் கோலம் பூண்டுள்ளது. ஒலியால் வந்த அயற்சொல் தமிழ்ச் சொல்லின் வடிவை ஏற்பது தோட்ட வழக்கில் இயல்பே. ‘லைன்’ என்பது ‘லயம்’ ஆனமையும் அத்தகையதே. எனினும், அச்சொல்லின் வரலாறு வெறும் ஒலித்திரிபாக அமைந்துவிடவில்லை.

ஆங்கிலத்தில் ‘லைன்’ பலபொருள் ஒருசொல். கோடு, கயிறு, வரிசை, செய்யுளின் அடி, இருப்புப்பாதை, மரபுவழி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவற்றுள் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு என்னும் பொருளே மலையகத் தமிழில் வேரூன்றியது. வரிசையைக் குறிக்கத் தமிழரிடம் சொல் இல்லாமலில்லை. கொழுந்து பறிக்கும் வரிசையை அவர்கள் இன்றும் ‘நிரை’ என்றே வழங்குகின்றனர். தாம் உழைக்கும் வரிசைக்குத் தம் சொல்லை ஈந்தோர், தாம் உறங்கும் வரிசைக்குத் துரையின் சொல்லை ஏற்றமை சிந்தனைக்குரியது. வீடு அவர்களுடையதன்று, ஆதலின் பெயரும் அவர்களுடையதாகவில்லை.

அச்சொல்லின் பிறிதொரு பொருள் 1948இல் வேறு வழியாக வந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளி உரிமைக்கு, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு வேண்டியது. தலைமுறை தலைமுறையாக லைனில் வாழ்ந்தோரிடம் மரபுவழி என்னும் லைன் கேட்கப்பட்டது. அதனைப் பத்திரங்கொண்டு நிறுவ இயலாத பெரும்பாலோர் நாடற்றோராயினர். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமொன்று 2003இலும் வேண்டியிருந்தது என்பதே, அவ்வினா எத்துணை நீண்டதென்பதைக் காட்டும்.

தமிழில் ‘லயம்’ ஒடுக்கத்தையும் இசையின் காலக் கட்டுப்பாட்டையும் குறிப்பது. இவ்வொப்புமையிலே மயங்கி, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் ஒடுங்கியிருப்பதைச் சொற்சிலம்பமாக்குவது எழுத்தாளர்க்கு அழகன்று. மறுபுறம், மலையகப் படைப்புகளில் வரும் லயத்தை ‘வரிசை வீடு’ என அடிக்குறிப்பில் விளக்கி அமையும் திறனாய்வும் குறையுடையதே. அவ்விளக்கம் சுவரையும் கூரையையும் காட்டுமேயன்றி, உடைமையின்மையையும் உரிமையின்மையையும் காட்டாது. அதனைத் தூய தமிழாக்குவோரும் இவ்வரலாற்றையே அழிப்பவராவர்.

லயங்கள் மறைந்து தனிவீடுகள் எழவேண்டும் என்பதில் இருகருத்திற்கு இடமில்லை. அவை மறைந்தபின்னரும் அச்சொல் இலக்கியத்தில் அவ்வாறே நிலைத்தல் வேண்டும்.